மீன்தொட்டி கன்ட்ரோலரில் நீர்க்கசிவு உணரியைச் சேர்ப்பது எப்படி?

மீன்தொட்டியின் வெப்பநிலையையும் விளக்கையும் மோட்டாரையும் ஒரு கன்ட்ரோலரிடம் ஒப்படைத்தவர்களில் பலர், தொட்டிக்கு வெளியே தரையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க அதற்கு ஒரு கண் வைப்பதில்லை. தொட்டிக்குள் அரை டிகிரி வெப்பம் கூடினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் அதே கருவி, தொட்டிநீரில் பாதி தரைக்கு வந்துவிட்ட பிறகும் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குறையைப் போக்க இரண்டு திருகாணிகளும் சில மின்தடைகளும் ஓரிரு மீட்டர் கம்பியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். கசிவைக் கண்டறிவது எளிது. கண்டறிந்த பின் எந்தக் கருவியை நிறுத்துவது என்று முடிவுசெய்வதில்தான் தவறு நேர்கிறது. ஆகவே கம்பி இணைப்பதற்கு முன்பே அந்த முடிவை எடுத்துவிடுவது நல்லது.

இங்கே ஈஎஸ்பி32 என்ற, வைஃபை வசதியுள்ள சிறு நிரல்பலகையில் அமைந்த, சொந்தமாகச் செய்துகொண்ட கன்ட்ரோலரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். ஆனால் அந்தப் பலகையில் மின்னழுத்தத்தை அளவாகப் படிக்கும் உள்ளீடு கிடையாது என்பதால், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும் ஏடிஎஸ்1115 போன்ற ஒரு சிறு சில்லை இடையில் சேர்க்க வேண்டும். கடையில் வாங்கிய கன்ட்ரோலரில் சுவிட்ச் உள்ளீடு மட்டுமே இருந்தால், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வெளியீடு கொண்ட ஆயத்தக் கசிவு உணரியை வாங்கி, ஈரமில்லாதபோது தொடர்பு மூடியிருக்கும் வகையில் இணைக்கவும். அப்போதுதான் கம்பி அறுந்தாலும் அது கசிவு போலவே எச்சரிக்கை எழுப்பும்.

நீர் எங்கிருந்து வருகிறது

கண்ணாடித் தொட்டியின் சிலிகோன் ஒட்டு திடீரென்று பிரிந்து நீர் முழுவதும் கொட்டும் என்பதே பலரின் அச்சம். நடப்பது பெரும்பாலும் அதுவன்று. கேனிஸ்டர் ஃபில்டரை, அதாவது தொட்டிக்கு வெளியே மூடிய கலனாக நிற்கும் வடிகட்டியை, கழுவி மூடும்போது ரப்பர் வளையத்தில் ஒரு மணல்துகள் சிக்கிக்கொள்கிறது. சம்புக்கு, அதாவது தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத்தொட்டிக்கு, நீர் இறங்கும் குழாயின் வாயை ஒரு நத்தையோ பாசித்துண்டோ அடைத்துக்கொள்கிறது. ஆவியாகிக் குறையும் நீரை ஈடுசெய்யும் தானியங்கி நீர்நிரப்பியின் மிதவை சிக்கி, மோட்டார் நிற்காமல் ஓடுகிறது. கடல்நீர்த் தொட்டியில் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரதச் சலிப்பான் நுரை பொங்கி வழிகிறது. இவற்றில் ஒவ்வொன்றும் வேறு இடத்தில், வேறு வேகத்தில் நீரைத் தரைக்குக் கொண்டுவருவதால், உங்கள் அமைப்பில் இவற்றுள் எவை நேரக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பின்னர் இரண்டு முறை தேவைப்படும்: உணரியின் இடத்தைத் தீர்மானிக்கும்போது ஒரு முறை, நிறுத்த வேண்டிய கருவியைத் தீர்மானிக்கும்போது ஒரு முறை.

எந்த உணரி

மிக எளிய உணரி என்பது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகள்தான். இடையே நீர் வந்தால் மின்தடை குறையும். கடல்நீர் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். நன்னீர்த் தொட்டியின் நீரும் இந்த வேலைக்குப் போதுமான அளவு கடத்தும். ஆர்ஓ நீர் மட்டும் மிகக் குறைவாகவே கடத்தும். அது தரையின் தூசியிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்ட பிறகு உணரிக்குப் புலப்படும் என்றாலும், ஆர்ஓ சேமிப்புக் கலனுக்கு அடியில் ஒரு தட்டு வைத்து அதில் சிறிய மிதவைச் சுவிட்ச் பொருத்துவதே நம்பகமானது, ஏனெனில் மிதவைக்கு நீரின் தூய்மை பற்றிக் கவலையில்லை.

மழை உணரி என்று விற்கப்படும், செம்புக் கோடுகள் அச்சிட்ட சிறு பலகையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். என் முதல் உணரி அதுதான். எந்நேரமும் மின்னழுத்தம் கொடுத்து வைத்திருந்ததால், உப்பு ஈரம் பட்ட சில வாரங்களிலேயே செம்பு பச்சை பூத்து ஒரு பக்கக் கோடுகள் கரைந்து போயிருந்தன; அது வேலை செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியாமலேயே இருந்தது. மின்முனைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் பயன்படுத்துங்கள். ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவின் அடிப்பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு திருகாணிகளைப் பொருத்தி, அவற்றின் தலைகளே டப்பாவின் கால்களாகத் தரையில் நிற்கும்படி செய்யலாம். டப்பா சாயாமலிருக்க மூன்றாவது காலாக ஒரு பிளாஸ்டிக் திருகாணி போதும். டப்பாவுக்குள் கம்பியைத் திருகாணியோடு இணைத்த பின், அந்த இணைப்பை எபாக்சி பசையால் முழுவதும் மூடிவிடவும்.

முனைகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பது பலரும் கவனிக்காத கணக்கு. ஒரு சதுர மீட்டர் சமதளத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். ஆக, தரையிலிருந்து 5 மில்லிமீட்டர் மேலே இருக்கும் முனைக்கு, நான்கு சதுர மீட்டர் பரப்பில் நீர் பரவினால், 20 லிட்டர் கொட்டிய பிறகுதான் செய்தி எட்டும். தரையைத் தொட்டு நிற்கும் முனைக்கு ஒரு கரண்டி நீர் போதும்.

சுற்று

ஈஎஸ்பி32 பலகையில் மின்னழுத்தத்தைப் படிக்கும் பிரிவுகள் இரண்டு உள்ளன. இரண்டாம் பிரிவு வைஃபை இயங்கும்போது பயன்படாது என்பதால், முதல் பிரிவைச் சேர்ந்த 32 முதல் 39 வரையுள்ள கால்களில் (பின்களில்) ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே படிப்பதற்கு 34ஆம் காலையும், உணரிக்கு மின்னழுத்தம் கொடுப்பதற்கு 25ஆம் காலையும் எடுத்துக்கொள்வோம்.

25ஆம் காலிலிருந்து 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றை உணரியின் ஒரு கம்பிக்கு இணைக்கவும். உணரியின் மறு கம்பியைப் பலகையின் தரை இணைப்போடு (ஜிஎன்டி) சேர்க்கவும். மின்தடையும் உணரிக் கம்பியும் சந்திக்கும் புள்ளியிலிருந்து, 10 கிலோ ஓம் பாதுகாப்பு மின்தடை வழியாக 34ஆம் காலுக்கு ஓர் இணைப்பு போக வேண்டும். அருகில் ஓடும் மோட்டார் கம்பிகளின் இரைச்சலை வடிகட்ட, அதே சந்திப்புப் புள்ளிக்கும் பலகையின் தரை இணைப்புக்கும் இடையே 10 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்க்கவும்.

இதோடு நிறுத்திவிட்டால் உணரி வேலை செய்யும், ஆனால் கம்பி அறுந்திருப்பதும் தரை உலர்ந்திருப்பதும் கன்ட்ரோலருக்கு ஒன்றாகவே தெரியும். எலி கடித்தோ, தொட்டியைத் துடைக்கும்போது இழுபட்டோ அறுந்த கம்பி பல மாதங்கள் அப்படியே கிடக்கலாம். ஆகவே கம்பியின் மறுகோடியில், டப்பாவுக்கு உள்ளேயே, இரண்டு திருகாணிகளுக்கும் குறுக்காக 220 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைத்துவிடுங்கள். தீ எச்சரிக்கை அமைப்புகளில் கம்பியின் கடைசி முனையில் மின்தடை வைப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். இப்போது 3.3 வோல்ட் கொடுத்தால், தரை உலர்ந்திருக்கும்போது சந்திப்புப் புள்ளியில் ஏறத்தாழ 2.27 வோல்ட் இருக்கும். கம்பி அறுந்தால் அது 3.3 வோல்ட்டை ஒட்டி ஏறிவிடும். நீர்ப்படலத்தின் மின்தடை 20 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் அது 0.5 வோல்ட் அளவுக்கு இறங்கும். கடல்நீர் என்றால் இன்னும் கீழே போகும். 1.5 வோல்ட்டுக்குக் கீழே ஈரம், 2.8 வோல்ட்டுக்கு மேலே கம்பி அறுந்தது, இடைப்பட்டது உலர்ந்த நிலை என்று எல்லைகளை வைத்துக்கொள்ளலாம். 2.8 வோல்ட் வரை படிக்க வேண்டியிருப்பதால், அந்தக் காலின் உள்ளீட்டுத் தணிப்பை (எவ்வளவு மின்னழுத்தம் வரை படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பை) நிரலில் அதிகபட்சமாக அமைக்க மறக்க வேண்டாம்.

25ஆம் காலை எப்போதும் உயர்நிலையில் வைக்காமல், இரண்டு விநாடிக்கு ஒரு முறை உயர்த்தி, 5 மில்லி விநாடி பொறுத்து, படித்துவிட்டு உடனே தாழ்த்திவிட வேண்டும். மின்முனைகள் நேரத்தின் மிகப் பெரும்பகுதியில் மின்னழுத்தமின்றி இருப்பதால், என் முதல் உணரிக்கு நேர்ந்த அரிப்பு இதில் ஏற்படாது.

எங்கே வைப்பது

ஒரு கோலிக்குண்டைத் தொட்டித் தாங்கியின் அருகே தரையில் வைத்து அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று பாருங்கள். நீரும் அங்கேதான் போகும். முதல் உணரி அந்தத் தாழ்ந்த மூலைக்கு. இரண்டாவது, தாங்கியின் அலமாரிக்குள், சம்ப் அல்லது கேனிஸ்டர் நிற்கும் இடத்தில் வைக்கும் தட்டுக்கு. 60க்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டில் ஒரு சென்டிமீட்டர் விளிம்பு இருந்தாலே 2.4 லிட்டர் நீர் தரைக்கு வராமல் தாங்கும். துளித்துளியாக ஒழுகும் கசிவுக்கு அது பல மணிநேர அவகாசம். இந்த இரண்டையும் தனித்தனிக் கால்களில் இணைப்பது நல்லது. ஒன்றாகச் சேர்த்துவிட்டால் எது நனைந்தது என்று தெரியாது, அது தெரியாமல் எதை நிறுத்துவது என்றும் தெரியாது.

நீர் குளிர்விப்பான் வைத்திருப்பவர்கள், அதன் குழாய்களில் வியர்த்துச் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே உணரியை வைக்க வேண்டாம். அதேபோல, தொட்டியிலிருந்து இறங்கும் எந்த மின்கம்பியும் செருகுவாய்க்குப் போகும் முன் ஒரு வளைவாகத் தாழ்ந்து மேலேற வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். உணரியோ நிரலோ இல்லாமல் உயிர் காக்கும் ஏற்பாடு இது. இன்னொன்று, தொட்டிக்குப் போகும் மின்வழியில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் கசிவு உணரியைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைப் பொருத்துங்கள்.

எதை நிறுத்துவது

எழுதி வைத்த தாளை இப்போது எடுங்கள்.

எந்த உணரி நனைந்தாலும், தயக்கமின்றி முதலில் நிறுத்த வேண்டியது தானியங்கி நீர்நிரப்பி. காரணம் எளிது. சம்பிலோ அதற்கு நீர் இறக்கும் குழாயிலோ கசிவு இருந்தால் நீர்மட்டம் குறையும். ஆவியாகிக் குறைந்ததாக நினைத்துக்கொண்டு நிரப்பி மேலும் மேலும் நீர் விடும். சேமிப்புக் கலன் காலியாகும் வரை தரைக்கு நீர் வந்துகொண்டிருப்பதோடு, கடல்நீர்த் தொட்டி என்றால் போன உப்புநீருக்குப் பதிலாக நன்னீர் சேர்ந்து உப்பளவும் விழும். ஆர்ஓ இயந்திரம் நேரடியாகக் குழாயோடு இணைந்திருந்தால், அதன் வழியில் மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகை சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் அடைப்பான்) ஒன்றை வைத்து, அதையும் இதே கட்டளையில் மூடுங்கள்.

அடுத்தது சம்பிலிருந்து தொட்டிக்கு நீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்ப். வடிகுழாய் அடைத்துக்கொண்டு மேல்தொட்டி வழிந்தாலோ, ஏற்றுக்குழாயின் இணைப்பு விட்டாலோ, பம்பை நிறுத்துவதே சரி. ஆனால் கசிவு சம்பின் ஒட்டில் இருந்தால், பம்பை நிறுத்திய உடனே மேல்தொட்டியின் வழிவிளிம்புக்கு மேலே நின்ற நீரும் குழாய்களில் இருந்த நீரும் சம்புக்குள் இறங்கி, ஒழுகுவதற்கு மேலும் நீர் கொடுக்கும். 120க்கு 50 சென்டிமீட்டர் பரப்புள்ள தொட்டியில் மட்டம் 2.5 சென்டிமீட்டர் இறங்கினாலே அது 15 லிட்டர். ஏற்றுக்குழாயின் வாய் நீருக்குள் ஆழமாக இருந்தால் அதன் வழியாகவே நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, அந்த வாய் காற்றைத் தொடும் வரை இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே உணரியை இணைக்கும் முன், ஒரு நாள் பம்பைக் கையால் நிறுத்திவிட்டு, சம்ப் நிரம்பி வழியாமல் எல்லா நீரையும் ஏற்றுக்கொள்கிறதா என்று அருகில் நின்று பாருங்கள். ஏற்றுக்கொண்டால், பம்பை நிறுத்துவது என்ற விதியைத் துணிந்து வைக்கலாம். குழாய்க் கசிவுகளும் அடைப்புகளும்தான் சம்ப் உடைவதைவிட அடிக்கடி நேர்பவை. வழிந்தால், சம்பின் இயங்குமட்டத்தைக் குறைக்காமல் அந்த விதியை எழுதவே கூடாது.

கேனிஸ்டர் ஃபில்டரின் தட்டில் ஈரம் தெரிந்தால் அந்த ஃபில்டரை நிறுத்துவது அழுத்தத்தைக் குறைத்துக் கசிவைத் தணிக்கும், ஆனால் முழுமையாக நிறுத்தாது. கேனிஸ்டர் தொட்டிக்குக் கீழே இருப்பதால், மோட்டார் நின்ற பிறகும் உறிஞ்சுகுழாய் வழியே நீர் இறங்கிக்கொண்டேயிருக்கும். இதைக் கன்ட்ரோலரால் தடுக்க முடியாது; யாராவது வந்து குழாயின் அடைப்பானைத் திருகத்தான் வேண்டும். உறிஞ்சுகுழாயின் வாயைத் தொட்டியின் அடிவரை இறக்காமல் பாதி உயரத்தில் வைத்தால், வெளியே போகும் நீருக்கு ஓர் எல்லை கிடைக்கும், மீன்களுக்கும் மீதி நீர் இருக்கும். ஃபில்டர் சில மணிநேரம் நின்றுவிட்டால், உள்ளே உயிர்வளி தீர்ந்து கெட்ட நீரை அப்படியே தொட்டிக்குள் செலுத்தாமல், அதைக் கொட்டிவிட்டு, உள்ளே நீரை வடிகட்டும் ஊடகத்தைத் தொட்டிநீரில் அலசிய பின் இயக்குங்கள்.

சூடேற்றியை எல்லாச் சூழலிலும் நிறுத்திவிடலாம். மட்டம் இறங்கி அது நீருக்கு வெளியே சூடானால் கண்ணாடிக் கூடு வெடிக்கும். தொட்டி ஒரு சில மணிநேரம் குளிர்வதை மீன்கள் தாங்கும். ஆனால் தொட்டிக்குள்ளேயே நீரைச் சுழற்றும் அலைமோட்டாரையும் காற்று மோட்டாரையும் ஒருபோதும் இந்தக் கட்டளையில் சேர்க்காதீர்கள். அவை கசிவுக்குக் காரணமாவது மிக அரிது, மற்றவை நின்றிருக்கும் நேரத்தில் மீன்களுக்கு உயிர்வளி கொடுப்பவை அவை மட்டுமே.

ரிலே இணைப்பிலும் இதே எண்ணம் வேண்டும். நீர்நிரப்பியை, கன்ட்ரோலர் செத்துப்போனால் தானாக நின்றுவிடும் வகையில், வழக்கமாகத் திறந்திருக்கும் தொடர்பில் இணையுங்கள். ரிட்டர்ன் பம்பை வழக்கமாக மூடியிருக்கும் தொடர்பில் இணைத்தால், கன்ட்ரோலர் பழுதானாலும் நீரோட்டம் தொடரும். பலகை உயிர்பெறும் நொடியில் சில கால்களின் நிலை தாவும் என்பதால் 0, 2, 12, 15 ஆகிய கால்களை ரிலேக்களுக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டு மின்சாரத்தைக் கையாண்டு பழக்கமில்லாதவர்கள் ரிலே பலகையைத் தொடாமல், இணைய சேவை இல்லாமலே வீட்டு வலையமைப்புக்குள் கட்டளை ஏற்கும் ஸ்மார்ட் பிளக்குகளை வாங்குவதே மேல்.

நிரலின் போக்கு

ஒரே ஒரு அளவீட்டை நம்பி எதையும் நிறுத்தாமல், தொடர்ந்து மூன்று முறை ஈரம் என்று வந்த பின் செயல்படும்படி எழுதுங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு முறை படித்தால் அது ஆறு விநாடிக்குள் முடிந்துவிடும். கம்பி அறுந்த நிலைக்கு எச்சரிக்கை மட்டும் போதும். எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

நிறுத்தப்பட்ட கருவி, உணரி உலர்ந்ததும் தானாக மீண்டும் இயங்கக் கூடாது. இது மிக முக்கியம். பம்ப் நின்றதும் கசிவு நிற்கும், சற்று நேரத்தில் உணரி உலரும், பம்ப் மீண்டும் ஓடும், மீண்டும் கொட்டும். இப்படியே தவணை முறையில் தொட்டி முழுவதும் தரைக்கு வந்துவிடும். ஆகவே ஈரம் கண்ட நிலையைப் பலகையின் நிலையான நினைவகத்தில் எழுதிவைத்து, மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்தும் வரை அதை நீக்காமலிருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போய் வந்தாலும் அந்தப் பூட்டு அப்படியே இருக்க வேண்டும்.

வாரந்தோறும் நீர் மாற்றும்போது தரையில் சிந்துவது இயல்பு. அதற்கென ஒரு பராமரிப்புப் பொத்தான் வையுங்கள். ஆனால் அது 30 நிமிடத்தில் தானாகவே விலகிவிட வேண்டும். அணைத்ததை மறந்து தூங்கப்போவது மனித இயல்பு.

எச்சரிக்கைக்குக் கைபேசிச் செய்தி மட்டும் போதாது. வைஃபை துண்டிக்கப்பட்ட நேரத்திலும் ஒலிக்கும்படி, ஒரு டிரான்சிஸ்டர் வழியாகச் சிறிய பஸ்ஸர் ஒன்றைப் பலகையோடு இணையுங்கள். கைபேசிக்குப் போகும் செய்தியில் வெறுமனே கசிவு என்று எழுதாமல், எந்த உணரி, எதை நிறுத்தியது என்று எழுதுங்கள். வெளியில் இருக்கும் உங்களுக்காக வீட்டில் இருப்பவர் போய்ப் பார்க்க அதுவே வழிகாட்டும். நாளுக்கு ஒரு முறை நலமாக இருக்கிறேன் என்றும் கன்ட்ரோலர் செய்தி அனுப்பட்டும். அது வராத நாளில், தரையை நீங்களே போய்ப் பார்ப்பீர்கள்.

சோதனை

முதல் சோதனையைத் தொட்டிநீரைக் கொண்டே செய்யுங்கள். உங்கள் தரையில் கொட்டப்போவது அதுதான். ஒரு கரண்டி நீரை உணரியின் அருகே ஊற்றி, பஸ்ஸர் ஒலிக்கிறதா, செய்தி வருகிறதா என்பதோடு நிறுத்தாமல், நீர்நிரப்பியும் பம்பும் உண்மையிலேயே நின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ரிலேயின் தொடர்பு ஒட்டிக்கொண்டிருந்தால், திரையில் நின்றதாகக் காட்டும் மோட்டார் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு உணரியின் இணைப்பைக் கழற்றி, கம்பி அறுந்ததாகச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக வைஃபை ரவுட்டரை அணைத்துவிட்டு மீண்டும் நீர் ஊற்றுங்கள்.

இதை மாதம் ஒரு முறை செய்தால் போதும். இடைப்பட்ட நாட்களில் உணரியின் மின்னழுத்தத்தை வரைபடமாகப் பதிவுசெய்து வைப்பது பயன்தரும். கசிவு என்றால் கோடு சட்டென்று விழும். 2.27 வோல்ட்டில் இருந்த கோடு சில வாரங்களாக மெல்ல 2 வோல்ட்டை நோக்கி இறங்கினால், முனைகளுக்கு நடுவே தூசியும் உப்பும் படிந்து ஈரப்பதத்தை உறிஞ்சுகின்றன என்று பொருள். நன்னீரில் நனைத்த துணியால் முனைகளையும் டப்பாவின் அடிப்பக்கத்தையும் துடைத்து உலர்த்தி வைத்தால் கோடு பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் எபாக்சி மூடியின் விரிசல் வழியே ஈரம் உள்ளே போயிருக்கும், அப்போது டப்பாவை மாற்றிவிடுங்கள்.